மஞ்சள் வைத்த பண்டிகைத் துணி

குமாரபாளையத்தில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு ஒரு துக்க விசாரணை. நெசவாளர் பழனியப்பன் வீட்டு வாசலில் நின்று, கடிதம் போட்டிருந்த ஆள் நான்தான் என்று சொன்னேன். அவர் மனைவி பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. முழு வெள்ளை, கரை வேண்டாம், பூ வேண்டாம், ஒட்டு இருக்கவே கூடாது என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். கரையில்லாத வெள்ளைத் துணியை அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் சொல்லி நெய்வார்களாம். செத்தவர்மேல் போர்த்துவதற்கு.

"யாரும் தவறலை அம்மா. எங்க கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "என் வீட்டுக்காரி போன வருஷம் தவறிட்டா. அவ கேட்ட துணிதான் இது" என்று சேர்த்துச் சொன்னேன். பாவாயி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியவந்தது.

நான் திருநெல்வேலிச் சீமையில், தேரிச் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு ஊரில் கிறிஸ்தவக் கோயிலில் ஊழியம் பார்க்கிறவன். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, பெருக்குவது, பீடத்துத் துணி மாற்றுவது, இவை என் வேலை. முப்பது வருஷமாக எனக்கு வருஷம் என்பது ஒரு அலமாரிதான். வருகை ஞாயிறு வந்தால் மேல்தட்டிலிருந்து ஊதா. கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளை. நாற்பது நாள் நோன்பான லெந்து பிறந்தால் மறுபடி ஊதா. கர்த்தர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிக்குத் துணியே கிடையாது, வெறும் பலகை. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு வெள்ளை. பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு. அதற்கப்புறம் திரித்துவ ஞாயிறு கழித்துப் பச்சை, மாதக்கணக்கில் பச்சை, பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற அளவுக்குப் பச்சை. எந்த நிறம் எந்த நாளில் ஏறும், எந்த நாளில் இறங்கும் என்பதில் எங்கள் குருவான ஐயருக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த மண்டைக்கனம்தான் என்னைக் கெடுத்தது. என் மனைவி ஞானப்பூவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகை விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பாள். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நான் பதில் சொன்னால்தான் காப்பி. போன வருஷம் லெந்து முழுவதும் அவள் படுக்கையில் கிடந்தாள். பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் கண்ணைத் திறந்து, "பீடத்து வெள்ளைத் துணி நைந்துபோச்சு. அடுத்த பண்டிகைக்குப் புதுசு போட்டுருங்க" என்றாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னிக்குச் சனிக்கிழமைதான், இன்னும் லெந்து முடியலை" என்றேன். காலண்டரைத் திருத்தினேன், சாகக் கிடக்கிறவளிடம். சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

மறுநாள் கோயிலில் ஜனங்கள் எல்லாரும் பதில் சொன்னபோது எனக்கு வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சிவப்பு மாற்றினேன், பச்சை மாற்றினேன், ஊதா மாற்றினேன். துணிதான் மாறியது. நான் அந்தச் சனிக்கிழமையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்தப் பண்டிகைக்குப் புதுத்துணி விரிக்க வேண்டும் என்பது எனக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. யுத்த காலத்தில் மில் துணி கண்ணில் படுவதே அரிது. அதனால்தான் விசாரித்து, கடிதம் போட்டு, பாடு வாரத்துப் புதன்கிழமை, பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், காவேரிக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

துணி தறியில் இருந்தது. பார்த்தவுடன் மனசு குளிர்ந்தது. ஆனால் இரண்டு முழம் பாக்கி.

"ராத்திரிக்குள்ள முடிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

பழனியப்பன் நல்ல உயரம், பேச்சு குறைவு. "நாளைக்குப் பங்குனி உத்திரமுங்க. இன்னிக்குப் பொழுதோட தறியக் கும்பிட்டு நிறுத்திருவோம். உத்திரத்தன்னிக்குத் தறிக்குழியில கால் வெக்கறதில்லீங்க. வெள்ளிக்கெழம காத்தால எறங்குனா மத்தியானம் முடிச்சுக் குடுத்தர்றேன்" என்றார்.

நான் வாதாடிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நாள் கிழமை விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பான ஒரு மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை ஊரே திருவிழாவாக இருந்தது. தறிச் சத்தம் இல்லாத தெரு எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்கள்தான் காது அடைத்தாற்போல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். கரை ஓரமாக நடந்தேன். கோடையில் தண்ணீர் ஒடுங்கி, பாறைகள் முதுகு காட்டிக் கிடந்தன. அதுவே எங்கள் ஊர்க் கண்ணுக்குக் கடல்தான். எங்களுக்குக் கிணற்றில் வாளி தரை தட்டுகிற பஞ்சம்தான் எப்போதும். எதிர்க்கரை பவானியிலிருந்து காவடிக்காரர்கள் மேளத்தோடு போனார்கள்.

பாவாயி எனக்கு இலை போட்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கிய சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். பாயசமும் வந்தது. லெந்தில் இனிப்புத் தொடமாட்டேன் என்று சொன்னேன்.

"எங்களுக்கும் நேத்து வரைக்கும் ஒருபொழுதுதானுங்க சாமி. விரதம் இருந்தாத்தான பாயசம் இனிக்கும்?" என்றார் அவர்.

சாயங்காலம் ஆற்றுக்கு மேலே நிலா எழும்பியது. முழு நிலா. பழனியப்பன் அதைப் பார்த்துவிட்டு, "உங்க பண்டிகைக்கு எதைப் பாத்து நாள் வெப்பாங்க?" என்று கேட்டார். வசந்த காலத்துப் பௌர்ணமி கழித்து வரும் ஞாயிறு என்று சொன்னேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நிலாத்தானுங்க" என்றார். முப்பது வருஷமாக ஜெபப் புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்து நாள் சொல்லிவந்த எனக்கு, தலையை நிமிர்த்தி அந்த நிலாவைப் பார்க்கத் தோன்றியதில்லை. ஊரில் இந்நேரம் யாரோ பீடத்தின் ஊதாத் துணியை உருவி மடித்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிய வெள்ளி. காலையில் அவர் தறிக்குழியில் இறங்கினார். எங்கள் ஊரில் அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. நான் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வேதப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். ஊடை நூல் கோத்த நாடா இந்தப் பக்கம் ஓடும், பலகை அடிக்கும், அந்தப் பக்கம் ஓடும், பலகை அடிக்கும். முதலில் அந்தச் சத்தம் ஆணி அடிக்கிற மாதிரி என்னை வாட்டியது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. அடி விழ விழத் துணி வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குச் சற்று முன்னால் பழனியப்பன் கத்தியை எடுத்துப் பாவு நூலை அறுத்தார்.

நான் ஆற்றில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. பாவாயி துணியை மடித்து, தாம்பாளத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நான்கு மூலையிலும் பசுமஞ்சள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்.

"என்னம்மா இது! என்ன பண்ணிட்டீங்க!" என்று கத்தியே விட்டேன்.

அவர் பயந்துவிட்டார். "வெள்ளையா அப்படியே எப்படிங்க குடுக்கறது? போன மனுஷிக்கு வருசத் தெவசத்துக்குப் போடறீங்கன்னு நெனச்சனுங்க. மஞ்சள் வெக்காத வெள்ளை இந்த ஊட்ட உட்டுப் போனா, போற ஊட்டுல மறுக்காவும் அழுகை வருமுங்க. உங்க ஊட்டுல இனி அழுகை வேண்டாம்னுதான் வெச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

 கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, துணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் குமைந்தேன். அந்த நான்கு மூலையும் சாதாரண மூலை அல்ல. பீடத்துத் துணியில் நான்கு மூலையிலும் நடுவிலும் சின்னச் சிலுவை தைப்பார்கள், கர்த்தருடைய ஐந்து காயங்களுக்காக. பழைய துணியில் அவற்றை வெள்ளை நூலால் தைத்தவள் ஞானப்பூ. புதியதில் தைக்க ஆளில்லையே என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த அதே இடத்தில் மஞ்சள்.

நேரே படித்துறைக்குப் போனேன். பையில் சோப்புக் கட்டி இருந்தது. தேய்த்தேன். கறை மஞ்சளிலிருந்து ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது! பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், காவேரிக் கரையில், நான்கு மூலையும் சிவந்த வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உறைந்து நின்றேன். பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை சிரித்தாள்.

"மஞ்சளுக்குப் போயி யாராச்சும் சோப்புப் போடுவாங்களா சாமி? நல்லா அலசுங்க. அப்பறம் வெயில்ல போடுங்க. வெயில்தான் மஞ்சளத் திங்கும். மெதுவாத்தான் திங்கும்."

அலசினேன். சிவப்பு போய்ப் பழைய மஞ்சளே திரும்பி வந்தது.

சனிக்கிழமை எனக்கு ரயில் இல்லை. ஈரோட்டில் வண்டியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, சேலம் போய் நாமக்கல் வழியாகத் திருச்சி பஸ் பிடித்தால் பிழைத்தீர்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். பெட்ரோல் கட்டுப்பாட்டுக் காலம். கரியை எரித்து அதன் புகையில் ஓடும் பஸ். பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு போகிற வண்டி எவ்வளவு வேகம் போகும்? ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினோம். ஒரு கவுண்டர், "காசு குடுத்து ஏறுனது நாங்க, பஸ்ஸக் கூட்டிட்டுப் போறதும் நாங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் அதற்கும் சேர்ந்து சிரித்தான்.

புதுச்சத்திரம் தாண்டவில்லை. மூன்று மணிக்கு வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. காலையில் சேலத்திலிருந்து ஆள் வந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். விடியும்போது நான் ஊரில் இருக்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. போன வருஷம் அவள் ஒரு நாள் முந்திவிட்டாள் என்று கணக்குச் சொன்னவன், இந்த வருஷம் ஒரு நாள் பிந்திவிட்டேன்.

வெயில் மட்டும் தாராளமாக அடித்துக்கொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று துணியைப் பிரித்துக் கிளுவை வேலிமேல் விரித்தேன். எங்கள் ஊர்ச் செம்மணலைப் பார்த்த கண்ணுக்கு, அறுவடை முடிந்த அந்தச் சோளக்காடுகள் வெளுத்துப்போய்த் தெரிந்தன. தூரத்தில் மலை நீலமாக நின்றது.

தலையில் புல்லுக்கட்டோடு ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். வேலிப் பக்கம் நின்று துணியைப் பார்த்தாள், என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"வேதக்காரருங்களா?"

"ஆமாம்மா."

புல்லுக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள். அவள் பெயர் சூசன்னாள். அரை மைலில் அவர்கள் தெரு. இருபது பேர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து சில வருஷம் ஆகிறது. சோளத்தட்டு வேய்ந்த ஒரு ஜெபச் சாலை உண்டு. பண்டிகைக்கு நாமக்கல்லிலிருந்து ஐயர் வருவதாக இருந்ததாம். அவருக்கும் பஸ் இல்லை, வரவில்லை. "நீங்க வந்து சொல்லிக் குடுங்க. எங்களுக்குப் பாட்டுத் தெரியுமுங்க, ஆரம்பிக்கத்தான் ஆளில்லை" என்றாள்.

நான் மணி அடிக்கிறவன், பிரசங்கி இல்லை என்று சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ராகிக் களியும் கீரையும் கொடுத்தார்கள். விடியற்காலை கருக்கலில் எழுப்பினார்கள். ஜெபச் சாலையில் ஒரு அரிக்கன் விளக்கு. பீடம் என்று இருந்தது கோணல்கால் மேஜை. அதன்மேல் துவைத்துக் காயவைத்த ஒரு சாக்கு, ஒழுங்காக நான்கு பக்கமும் இழுத்து விடப்பட்டிருந்தது. அந்தச் சாக்கை விரித்த கை யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் அதுவும் என்னைப்போல ஓரம் சரிபார்க்கிற கை என்று தெரிந்தது.

என் பையில் துணி இருந்தது. அது எங்கள் கோயிலுக்கென்று நேர்ந்தது. ஐயர் ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணும் முன்னால் எங்கும் விரிக்கக்கூடாது. எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். இருபது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. துணியை எடுத்து விரித்தேன்.

பளீரென்று இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தெரிந்தது. ஒரு குழந்தை, "அம்மா, கலியாணத் துணி!" என்றது. யாரும் அதட்டவில்லை.

எனக்கு அப்போது கர்த்தருடைய கல்லறையில் கிடந்த சீலைகள் ஞாபகம் வந்தன. அவர் எழுந்து போன இடத்தில் விட்டுவிட்டுப் போனதும் வெள்ளைத் துணிதான். செத்தவர்மேல் போர்த்துகிற அதே துணி, சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டுக் கிடந்தது. பாவாயி பயந்ததும் அந்தத் துணிக்குத்தான். நான் முப்பது வருஷம் விரித்ததும் அதைத்தான். அது தெரியாமலே விரித்திருக்கிறேன்.

"ஆரம்பிங்க சாமி" என்றாள் சூசன்னாள்.

என் ஆயுளில் நான் பதில் சொல்கிற பக்கத்தில் நின்றவன். ஒரு வருஷமாக அதுவும் இல்லாதவன். இப்போது முதல் வார்த்தை என்னுடையது.  கையைத் துணிமேல் ஊன்றிக்கொண்டேன்; என் விரல் அந்த மஞ்சள் மூலையில் இருந்தது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றேன்.

"மெய்யாலுமே உயிர்த்தெழுந்தாருங்க!" என்றார்கள் எல்லாரும், அவர்கள் ஊர் மரியாதையையும் சேர்த்து. நான் அழுதேன். வெட்கமாக இல்லை.

புறப்படும்போது அந்த மேஜைக்கே துணியை விட்டுவிட்டு வரலாமா என்று நினைத்துச் சூசன்னாளிடம் கேட்டேன். "உங்க ஊட்டம்மா எங்களுக்கா கேட்டாங்க? கொண்டுபோய்ப் போடுங்க. எங்க சாக்கு இருக்குதுங்க" என்றாள். சாக்கு மறுபடி மேஜைமேல் ஏறியது. நான்கு ஓரத்தையும் அவள்தான் இழுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். ஐயர் பங்களா வாசலில் நின்று, "பண்டிகை போயிருச்சே ஐயா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பண்டிகை எங்கவே போகும்? கர்த்தர் பரமேறின நாள் வரைக்கும் நாற்பது நாள் வெள்ளைதானே. இதை நீரல்லவா எனக்குச் சொல்லணும்?"

நாற்பது நாள் லெந்து, நாற்பது நாள் உயிர்த்தெழுந்த காலம். அலமாரித் தட்டுகளாக எனக்குத் தெரிந்த கணக்குத்தான். பட்டினிக்கும் அழுகைக்கும் எத்தனை நாள் ஒதுக்கினார்களோ அத்தனை நாளைச் சந்தோஷத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே நாளில் விடிந்து எழுந்து எல்லாராலும் சந்தோஷப்பட்டுவிட முடியாது, நொண்டி நொண்டி வருகிறவனும் இருப்பான் என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். துணி மாற்றுகிறவனுக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லை.

ஐயர் ஜெபித்தார். துணியை விரித்தேன். பெண்கள் மூலையைத் தொட்டுப் பார்த்து, "இதென்ன மஞ்சள்? வெளுக்கப் போடலாமே" என்றார்கள். வெயில் மெதுவாகத் தின்றுகொள்ளும், இருக்கட்டும் என்றேன்.

பிறகு கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு வருஷமாக அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டுத்தான் வருவேன், பேசுவதற்கு முகம் இல்லாமல். அன்றைக்கு ஞானப்பூவின் தலைமாட்டில் மணலில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது ஒரு நாள் முந்தி. நான் சொல்ல வந்தது ஒரு வருஷம் பிந்தி.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, கருப்பட்டி தட்டிப் போட்டு, காப்பி வைத்தேன்.